எட்டு நிமிடம் அசையாமல்

பெல்ட்டைக் கழற்றுங்கள், சாவிக்கொத்தையும்.
உலோகம் உடம்பில் இருந்தால்
இல்லாத உறுதியை இருப்பதாகச் சொல்லிவிடும் இயந்திரம்.

வில்னிஸ் கழற்றுகிறார்.
லியெபாயா துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர்.
பெல்ட்டில் ஆணியால் குத்திய புதுத் துளைகள் மூன்று.
பதினோரு மாதமாகத் தொடவில்லை என்பதை
நான் கேட்காமலே சொல்கிறார்,
பரிசு வாங்க மேடையேறிய பையன்போல.

படுங்கள். கால்களை இந்தப் பெட்டிமேல் வையுங்கள்.
எட்டு நிமிடம். மூச்சு விடலாம்,
பேசத்தான் கூடாது.

பேசுகிறார்.
"குடித்தது வாய். கெட்டது ஈரல். சரி, கணக்கு நேர்.
நடுவில் எலும்பு என்னம்மா செய்தது?"

இயந்திரத்தின் கை அவர்மேல் மெல்ல ஊர்கிறது,
துணிக்கடையில் முழம் போடுகிறவன் மாதிரி.

என்ன சொல்ல?
வெயிலை வாங்கி எலும்புக்கு ஏற்ற சரக்காக்கும்
முதல் பட்டறை ஈரல்தான்.
பட்டறை நொடித்துவிட்டது.
இந்த ஊரில் நவம்பர் வந்தால் வெயிலே கடன்.
எலும்பைக் கட்டுகிற கொத்தனார்களை
வோட்கா வேலைக்கு வரவிடவில்லை இத்தனை காலம்;
இடிக்கிறவர்கள் மட்டும்
ஒருநாள்கூட விடுப்பெடுக்கவில்லை.

கல்லீரல்.
கல்லும் ஈரமும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன.
இவருக்குள் இடம் மாறிப்போயிற்று:
ஈரமாய் இருக்கவேண்டியது கல்லாகி,
கல்லாய் இருக்கவேண்டியது
தண்ணீர் வற்றிய பஞ்சாகி.

திரையில் இடுப்பு தெரிகிறது.
பலமுறை துவைத்த லேஸ் திரைச்சீலை, பின்னால் விளக்கு.
மைனஸ் மூன்று புள்ளி நான்கு.

எண்ணைப் படித்துக் காட்டினால் சிரிக்கிறார்.
"மைனஸ் மூன்றா? கிரேன் கூண்டில்
அதற்கு நாங்கள் கையுறைகூடப் போடமாட்டோம்."

நான் சிரிக்கவில்லை. படிவம் இருக்கிறது.

இதற்கு முன் முறிந்தவை?
மணிக்கட்டு: படிக்கட்டில், குடிநாளில்.
காறையெலும்பு: ஞாபகம் இல்லை.
விலா, இடது, எட்டாவது. ஆகஸ்ட்.
காரணம் என்ற கட்டம் காலி.

விழுந்தீர்களா?
"இல்லை."
தும்மலா? சிலருக்குத் தும்மலில் போகும்.
"இல்லை."

மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார்:
"சர்மீதே வந்தாள், அயர்லாந்திலிருந்து.
காளான் பண்ணையில் ஏழு வருடம்;
ஒரு கடிதம் இல்லை, நானும் அதற்குத் தகுதியில்லை.
பேருந்து நிலையத்தில் முதலில் என் வாயை முகர்ந்து பார்த்தாள்.
இன்னொரு முறை முகர்ந்தாள்.
பிறகு கட்டிக்கொண்டாள்.
சுள்ளி ஒடிகிற சத்தம்.
எனக்கு மட்டும்தான் கேட்டது."

வலிக்கிறது என்று சொல்லவில்லையா?

"சொன்னால் விட்டுவிடுவாளே."

எட்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது.
படிவத்தில் மூன்று வாய்ப்புகள்:
வீழ்ச்சி, விபத்து, பிற.
சுட்டி சற்று நேரம் எங்கும் போகாமல் நின்றது.
பிற.

மற்றதை மருத்துவர் சொல்வார்.
உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பதால்
மாத்திரை ஒத்துவராது, வருடத்துக்கு ஓர் ஊசி.
வைட்டமின் டி.
சமையலறையில் கிடக்கும் அந்தச் சுருண்ட கம்பளத்தைச்
சுருட்டி வெளியே போடுவது.
புகையில் வாட்டிய மீனை முள்ளோடு மெல்லுவது.
இத்தனைக்குப் பிறகும் எண் ஏறாமல் போகலாம்;
இன்னும் இறங்காமல் இருந்தாலே லாபம்.
அதை அவர் சொல்வாரா, தெரியாது.

பெல்ட்டை மாட்டிக்கொண்டே கேட்கிறார்:
"கிறிஸ்துமஸுக்கு மறுபடி வருகிறாள்.
எவ்வளவு இறுக்கம் தாங்கும்?
அதற்கு அளவு ஏதாவது போடுகிறதா இது?"

போடுவதில்லை.
வலப்பக்கத்தைக் கொடுங்கள் என்றேன்.
இதற்கு மேல் என் படிப்பில் ஒன்றும் இல்லை.

கதவருகே போய் நின்றவர்
ஆளில்லாத இடத்தைப் பார்த்து
வலத்தோளைச் சற்று முன்னால் தள்ளி
இரண்டு கைகளையும் விரித்தார்;
திருப்தியில்லை; பாதத்தை நகர்த்தி
மறுபடி விரித்தார்.

சாவிக்கொத்து என் தட்டிலேயே கிடந்தது.